சுவரில் தொங்கும் சைக்கிளும் குழாயில் ஒளியும் காற்றும்

தேர்வு முடிந்துவிட்டது. ஒரு மாதமாகச் சுவரில் தொங்கிய மலைச் சைக்கிளை இறக்கித் தூசு தட்டுகிறீர்கள். சக்கரங்களுக்குக் காற்றடிக்கிறீர்கள். பழக்கத்தில் பிரேக் பிடியை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறீர்கள். வழக்கமாகச் சட்டென்று இறுகும் பிடி, இன்று பஞ்சை அழுத்தியதுபோல் மெத்தென்று உள்ளே போகிறது.

சைக்கிளை இந்த ஒரு மாதமாக யாரும் தொடவில்லை. எண்ணெய் ஒழுகிய தடமும் இல்லை. பிரேக் பேட்டும் தேயவில்லை. பிறகு எப்படி பிரேக் பலவீனமானது?

இந்தக் கேள்விக்கு உயர்நிலைப் பள்ளி இயற்பியல் பாடத்திலேயே விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், நம் வீவக வீட்டின் சிறிய இடத்தில் மலைச் சைக்கிளை எப்படி வைக்கலாம், எப்படி வைக்கக்கூடாது என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். புக்கிட் தீமாவின் சரிவிலோ புலாவ் உபின் தீவிலுள்ள கேத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவிலோ இறங்கும்போது பிரேக் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இது தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியல்.

விரல் நுனியில் 100 கிலோ

இன்றைய மலைச் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது திரவ வட்டு பிரேக். சக்கரத்தின் நடுவில் ஓர் எஃகு வட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதன் இருபுறமும் இரண்டு பிரேக் பேட்டுகள் இருக்கும். அவற்றைப் பிடித்திருக்கும் பகுதிக்குக் கேலிப்பர் என்று பெயர். கைப்பிடியில் உள்ள பிரேக் பிடிக்கும் கேலிப்பருக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய். குழாய் முழுவதும் எண்ணெய்.

பிடியை அழுத்தினால் அதற்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெய் கேலிப்பரில் உள்ள பெரிய பிஸ்டன்களைத் தள்ளுகிறது. அவை பேட்டுகளை வட்டின்மீது அழுத்துகின்றன. உராய்வினால் சக்கரம் நிற்கிறது.

இதன் அடிப்படையைச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல். மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது அவருடைய விதி. அவர் எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663ல் வெளிவந்தது. அழுத்தத்தின் அலகுக்கு இன்று அவர் பெயரையே வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஆள்காட்டி விரல் பிரேக் பிடியை 40 நியூட்டன் விசையோடு இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 4 கிலோ எடையைத் தூக்குவதற்கு வேண்டிய விசை அது. பிடி ஒரு நெம்புகோல். அது விசையை 5 மடங்காக்கினால், சிறிய பிஸ்டனுக்கு 200 நியூட்டன் கிடைக்கும். அந்தப் பிஸ்டனின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பு 78.5 சதுர மில்லிமீட்டர். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் சுமார் 2.5 மெகாபாஸ்கல். அதாவது, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 25 மடங்கு.

இந்த அழுத்தம் குறையாமல் கேலிப்பருக்குப் போகிறது. அங்குள்ள பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர் என்றால், பரப்பு 380 சதுர மில்லிமீட்டர். பெருக்கினால் சுமார் 970 நியூட்டன் வருகிறது. ஒற்றை விரலின் இழுப்பு, கிட்டத்தட்ட 100 கிலோ எடையின் அழுத்தமாக மாறிவிட்டது.

இலவசமாகக் கிடைத்த விசையா இது? இல்லை. விசை 24 மடங்கு கூடியதற்கு ஈடாக, நகரும் தூரம் 24 மடங்கு குறைகிறது. உங்கள் விரல் 12 மில்லிமீட்டர் நகர்ந்தால், பேட்டுகள் இரண்டும் சேர்ந்து அரை மில்லிமீட்டர்தான் நகரும். ஒரு பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டர்தான் பேட்டுக்கும் வட்டுக்கும் இடையே வழக்கமாக இருக்கும் இடைவெளி. எனவே ஒரு துளி எண்ணெய் வீணாக நகர்ந்தாலும் அது விரலுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டு துளி காற்று போதும்

திரவத்தை அழுத்திச் சுருக்குவது மிகவும் கடினம். 25 மடங்கு காற்றழுத்தத்தைக் கொடுத்தாலும், தண்ணீரின் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். பிரேக் எண்ணெயும் ஏறத்தாழ அப்படித்தான். குழாய்க்குள் 5 மில்லிலிட்டர் எண்ணெய் இருந்தால், அது 5 கன மில்லிமீட்டர் அளவே சுருங்கும். விரலுக்கு அது தெரியவே தெரியாது.

காற்று அப்படியல்ல. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் குறையும். இது 1662ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. குழாய்க்குள் 0.1 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு துளி தண்ணீர் அளவுதான். கன மில்லிமீட்டரில் சொன்னால் 100. பிடியை அழுத்தியதும் அது 4 கன மில்லிமீட்டராக ஒடுங்கிவிடும். மீதி 96 கன மில்லிமீட்டர் இடத்தை நிரப்ப, சிறிய பிஸ்டன் கூடுதலாக 1.2 மில்லிமீட்டர் நகர வேண்டும். விரல் கூடுதலாக 6 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

12 மில்லிமீட்டரில் இறுகிய பிடி இப்போது 18 மில்லிமீட்டர் போனால்தான் இறுகும். காற்று 0.4 மில்லிலிட்டராக இருந்தால் 36 மில்லிமீட்டர் போக வேண்டும். அப்போது பிடி, கைப்பிடிக் கம்பியைத் தொடும் நிலைக்கு வந்துவிடும். நீங்கள் கொடுக்கும் விசை வட்டை நெருக்காமல், குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிறது. அந்த மெத்தென்ற உணர்வுக்கு இதுதான் காரணம்.

நீங்களே செய்து பார்க்கலாம்

மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதற்கான ஊசியில்லாத சிரிஞ்சு கிடைக்கும். 10 மில்லிலிட்டர் சிரிஞ்சுகள் இரண்டும், மீன் தொட்டிக்குக் காற்று கொடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அரை மீட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஒரு வாளித் தண்ணீருக்குள் வைத்தே இரண்டு சிரிஞ்சுகளையும் குழாயையும் நிரப்பி இணையுங்கள். உள்ளே ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. ஒன்றை அழுத்தினால் மற்றது உடனே வெளியே வரும். இப்போது இரண்டாவது சிரிஞ்சை நண்பர் இறுகப் பிடித்துக்கொள்ளட்டும். முதல் சிரிஞ்சை அழுத்திப் பாருங்கள். கல்லை அழுத்துவதுபோல் இருக்கும்.

அடுத்து, முதல் சிரிஞ்சில் 1 மில்லிலிட்டர் காற்றை விட்டு மீண்டும் இணையுங்கள். நண்பர் அதேபோல் பிடித்திருக்க, நீங்கள் அழுத்துங்கள். இரண்டாவது சிரிஞ்சு அசையாமல் இருக்கும்போதே உங்கள் சிரிஞ்சு உள்ளே போகும். கையின் விசைக்கே அந்தக் காற்று பாதியளவு சுருங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். கையை எடுத்தால் மறுபடி விரியும்.

மூன்றாவது படி மிக முக்கியமானது. காற்று உள்ள சிரிஞ்சை, முனை கீழே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். குமிழி மேலே, முனைக்கு எட்டாத இடத்தில் போய் நிற்கும். இந்த நிலையில் மெல்ல அழுத்தினால் குழாய்க்குள் தண்ணீர் மட்டுமே போகும். இப்போது சிரிஞ்சைத் தலைகீழாகத் திருப்புங்கள். குமிழி முனைக்கு வந்துவிடும். மெல்ல அழுத்தினால் அது குழாய்க்குள் நுழைந்துவிடும். மீண்டும் நேராகத் திருப்பினாலும் அது தானாகத் திரும்பி வருவது கடினம்.

காற்றின் அளவு மாறவில்லை. அது இருக்கும் இடம்தான் மாறியது. சுவரில் தொங்கிய சைக்கிளுக்கு நடந்ததும் இதுவே.

காற்று எங்கே இருந்தது?

பிரேக் பிடியின் உட்புறத்தில் ஒரு சிறிய எண்ணெய்த் தொட்டி உண்டு. பேட்டுகள் தேயத் தேய, கேலிப்பரின் பிஸ்டன்கள் சிறிது சிறிதாக வெளியே வரும். அவற்றின் பின்னால் உண்டாகும் கூடுதல் இடத்தை நிரப்ப, இந்தத் தொட்டியிலிருந்து எண்ணெய் கீழே இறங்கும். தொட்டிக்குள் காற்று புகாமல் இருக்க, எண்ணெய் குறையும்போது உள்வாங்கிக்கொள்ளும் ரப்பர்த் திரை ஒன்று அதில் இருக்கும்.

தொட்டியில் காற்றே இல்லாமல் எண்ணெய் நிரப்பப்பட்டிருந்தால், சைக்கிளை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் எண்ணெய் மாற்றும்போது சில குமிழிகள் உள்ளே தங்கிவிடலாம். மூட்டுகளிலும் ரப்பர் ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருந்த நுண்குமிழிகள் நாளடைவில் ஒன்றுசேரலாம். சைக்கிள் நேராக நிற்கும்வரை இந்தக் காற்று தொட்டியின் மேற்பகுதியில் மிதந்துகொண்டிருக்கும். குழாய்க்குப் போகும் துளை கீழே இருப்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால் துளை மேலே வந்துவிடும். மிதக்கும் காற்று அதை நோக்கிப் போகும். குழாய்க்குள் ஏறி, அங்கிருந்து இன்னும் மேலே, கேலிப்பர் வரைக்கும்கூடப் போகலாம். ஷிமானோ நிறுவனத்தின் பயனர் கையேடும் இதைத்தான் எச்சரிக்கிறது. சைக்கிள் தலைகீழாகவோ பக்கவாட்டில் சாய்ந்தோ இருக்கும்போது வட்டு பிரேக் சரியாக வேலை செய்யும்படி வடிவமைக்கப்படவில்லை என்று அது சொல்கிறது.

ஆகவே, தொங்கவிடுவதால் பிரேக்கில் காற்று உண்டாவதில்லை. ஏற்கெனவே ஒளிந்திருந்த காற்றை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. தொங்கவிட்ட ஒவ்வொரு முறையும் உங்கள் பிரேக் மெத்தென்று ஆகிறது என்றால், குறை சுவரிலுள்ள கொக்கியில் இல்லை. பிரேக் எண்ணெயைச் சரிசெய்ய வேண்டிய வேளை வந்துவிட்டது என்று பொருள்.

எப்படி வைக்கலாம்?

நல்ல முறை, சைக்கிள் ஓடும்போது இருப்பதுபோலவே இரண்டு சக்கரங்களும் கீழே இருக்கும்படி வைப்பது. தரையில் நிறுத்தலாம். இடமில்லையென்றால், சைக்கிளின் மேல்சட்டத்தைத் தாங்கும் சுவர்த் தாங்கியில் படுகிடையாக மாட்டலாம். உயரத்தில் இருந்தாலும் கைப்பிடி மேலே, சக்கரங்கள் கீழே என்ற நிலை மாறுவதில்லை. இழுத்து உயர்த்தும் கப்பி வைத்துக் கூரையில் மாட்டுவதும் இதே வகைதான்.

அடுத்தது, ஒரு சக்கரத்தைக் கொக்கியில் மாட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடுவது. சிறிய வீடுகளில் இதுவே வசதி. முன்சக்கரத்தை மேலே மாட்டினால் பின்சக்கரத்தின் கேலிப்பர் வெகு கீழே இருக்கும். பின் பிரேக்கின் குமிழிகள் பிடியை நோக்கியே மேலேறும். ஆனால் முன்சக்கரத்தின் கேலிப்பரைக் கவனியுங்கள். அது கைப்பிடியைவிடச் சற்று உயரத்தில் இருப்பதைக் காண்பீர்கள். முன் பிரேக்கில் காற்று இருந்தால் அது கேலிப்பர் பக்கம் போக வாய்ப்புண்டு. பின்சக்கரத்தை மேலே மாட்டினால் நிலைமை மாறிவிடும். அப்போது பின் கேலிப்பர் கைப்பிடியைவிட மிக உயரத்தில் இருக்கும். இரண்டில் எதைச் செய்தாலும், எந்தப் பிரேக்கின் கேலிப்பர் மேலே இருந்ததோ அதை முதலில் சோதிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியது, இருக்கையும் கைப்பிடியும் தரையைத் தொட, சைக்கிளை வாரக்கணக்கில் தலைகீழாக விட்டுவைப்பது. சக்கரம் பழுதுபார்க்கச் சில நிமிடங்கள் கவிழ்ப்பதால் பெரிய கேடில்லை. அதன் பிறகும் பிடியை அழுத்திச் சோதித்துவிட்டே ஏற வேண்டும்.

கொக்கியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். சக்கரத்தின் விளிம்பில் மாட்ட வேண்டும். எஃகு வட்டில் எடை விழவே கூடாது. புதிய வட்டின் தடிமன் 1.8 மில்லிமீட்டர் அளவுதான். பேட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கால் மில்லிமீட்டர் என்று பார்த்தோம். வட்டு அரை மில்லிமீட்டர் வளைந்தாலே பேட்டில் உரசி ‘கீச்... கீச்...’ என்று சத்தம் வரும். பக்கத்தில் இன்னொரு சைக்கிளைச் சாய்த்து வைக்கும்போது அதன் மிதி இந்த வட்டில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலில் வைப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். தீ விபத்தின்போது அண்டைவீட்டார் தப்பிச் செல்லும் வழி அந்தப் பொது நடைவழிதான். குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்கு அதில் தடையே இருக்கக்கூடாது. மலைச் சைக்கிளின் கைப்பிடி அகலமானது என்பதால், அளந்து பார்த்துவிட்டு வைப்பது நல்லது.

கொதிக்கும் பிரேக்

குழாய்க்குள் குமிழி உண்டாக இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்கும் சைக்கிளை வைக்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டு. அந்த வழியின் பெயர் வெப்பம்.

மலைச் சைக்கிள் விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் அடையாளம் இருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் வட்டாரத்தில், 1976 அக்டோபர் மாதம் சில இளையர்கள் பழைய சைக்கிள்களில் மலைச்சரிவுப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் பாதை சுமார் 400 மீட்டர் கீழே இறங்கியது. அவர்களுடைய சைக்கிள்களில் பிரேக், பின்சக்கர அச்சுக்குள் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் அதிலிருந்த கிரீஸ் சூட்டில் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் போட்டிக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடைத்தல்’ என்ற பெயர் வந்தது.

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். புக்கிட் தீமா மலையின் உயரம் சுமார் 164 மீட்டர். சைக்கிளும் ஓட்டுநரும் சேர்ந்து 80 கிலோ என்றும், ஒரு சரிவில் 50 மீட்டர் உயரம் இறங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். இழக்கும் நிலையாற்றல் 80 × 9.8 × 50, அதாவது 39,200 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 9 டிகிரிக்கு மேல் சூடாக்க இது போதும். வேகம் கூடாமல் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கினால், இதில் பெரும்பங்கு வட்டுகளில் வெப்பமாக மாறும். இரண்டு வட்டுகளும் சேர்ந்து 240 கிராம் எஃகு என்றால், காற்று குளிர்விக்காத நிலையில் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். நல்ல வேளையாக, ஓடும்போது காற்று குளிர்விக்கிறது. இருந்தாலும், இறங்கி வந்ததும் வட்டைத் தொடாதீர்கள். விரல் வெந்துவிடும்.

இந்த வெப்பத்தில் ஒரு பகுதி பேட்டு, பிஸ்டன் வழியாக எண்ணெயை எட்டும். எண்ணெய் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழிகள் தோன்றும். காற்றுக் குமிழி செய்யும் அதே வேலையை அவையும் செய்யும். அதுவும் சரிவின் நடுவிலேயே செய்யும்.

பிரேக் திரவங்கள் இரண்டு வகைப்படும். ஷிமானோ, மகுரா போன்ற நிறுவனங்கள் கனிம எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ஹோப் நிறுவனமும் ஸ்ராம் நிறுவனத்தின் பல பிரேக்குகளும், கார்களில் உள்ளதுபோல் டாட் வகைத் திரவத்தைப் பயன்படுத்துகின்றன. டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கம். அத்துறை வகுத்த தரத்தின்படி, டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால், அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது.

நீர் எங்கிருந்து வருகிறது? காற்றின் ஈரப்பதத்திலிருந்துதான். டாட் திரவத்துக்கு ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. ரப்பர் வளையங்கள், குழாய்ச் சுவர் ஆகியவற்றின் வழியே ஈரம் மெல்ல மெல்ல உள்ளே ஊறும். ஆண்டு முழுதும் காற்றில் ஈரம் நிறைந்த நம் தீவில், சைக்கிள் ஓடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் இது நடந்துகொண்டே இருக்கும். மழைச்சாரல் படாத, காற்றோட்டமான இடத்தில் வைப்பது நல்லது. தயாரிப்பாளர் சொல்லும் கால இடைவெளியில் திரவத்தை மாற்றுவது அதைவிட முக்கியம்.

கனிம எண்ணெய் ஈரத்தை இப்படி ஈர்ப்பதில்லை. அதற்காக ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிவிடக்கூடாது. ஒரு திரவத்துக்கென்று செய்த ரப்பர் வளையம் மற்றதில் ஊறிக் கெட்டுவிடும். எந்தத் திரவம் வேண்டும் என்பது பெரும்பாலும் பிரேக் பிடியின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம்

பிரேக்குக்கு உள்ளே எண்ணெய் எவ்வளவு அவசியமோ, வெளியே அது அவ்வளவு ஆபத்து. பேட்டின் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டு. எண்ணெய் பட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உராய்வு குறைந்துவிடும். பிடி கல்லைப்போல் இறுகினாலும் சக்கரம் நிற்காது.

வீட்டில் வைத்திருக்கும்போதே இது நடக்கலாம். சைக்கிளுக்கு அருகே பூச்சிமருந்து தெளிப்பது, மரச் சாமான்களுக்கு மெருகெண்ணெய் அடிப்பது, சங்கிலிக்கு எண்ணெயைப் பீய்ச்சி அடிப்பது ஆகிய எல்லாமே வட்டின்மீது படலமாகப் படியலாம். சங்கிலிக்கு எண்ணெய் வேண்டுமென்றால், சொட்டுச் சொட்டாக விடும் குப்பியைப் பயன்படுத்துங்கள். வட்டை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள். பொரிக்கும் எண்ணெய்ப் புகை வரும் சமையலறை ஓரத்தைத் தவிருங்கள். சைக்கிளைத் தூக்கும்போது வட்டை விரலால் பிடிக்காதீர்கள். தோலிலும் எண்ணெய்ப் பசை உண்டு.

வட்டில் கறை பட்டால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த சுத்தமான துணியால் துடைக்கலாம். எண்ணெய் குடித்த பேட்டைத் துடைத்துச் சரிசெய்வது கடினம். பெரும்பாலும் புதியதுதான் மாற்ற வேண்டியிருக்கும்.

சக்கரத்தைக் கழற்றி வைப்பவர்களுக்கு

கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ வைக்க, சிலர் சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள். அப்போது பேட்டுகளுக்கு நடுவே வட்டு இருக்காது. விளையாட்டாகத் தம்பி, தங்கை யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால் சிக்கல்தான்.

பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது வளைந்துகொடுக்கும். பிடியை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் கால் மில்லிமீட்டர் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். தனி சுருள்வில் இல்லாமலே பேட்டுகள் விலகுவது இதனால்தான். ஆனால் வட்டு இல்லாதபோது அழுத்தினால், பிஸ்டன் அந்த எல்லையைத் தாண்டி வளையத்தின்மீது வழுக்கி வெளியே வந்துவிடும். வளையம் அதைப் பழைய இடத்துக்கு இழுக்க முடியாது. பேட்டுகள் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால் வட்டைத் திரும்ப நுழைக்க முடியாமல் போகும். பலமுறை அழுத்தினால் பிஸ்டனே வெளியே வந்து எண்ணெய் கொட்டவும் கூடும்.

தீர்வு எளிது. சைக்கிள் வாங்கும்போது பேட்டுகளுக்கு நடுவே செருகித் தந்த பிளாஸ்டிக் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். சக்கரத்தைக் கழற்றியதும் அதைச் செருகிவிடுங்கள். அது இல்லையென்றால், எண்ணெய் படாத கெட்டி அட்டையை மடித்துச் செருகினாலும் போதும்.

எல்லா மலைச் சைக்கிளுக்கும் இது பொருந்துமா? பிடியிலிருந்து கேலிப்பருக்கு எஃகுக் கம்பி போகும் பிரேக் என்றால், அதில் திரவமும் இல்லை, குமிழியும் இல்லை. எப்படி வேண்டுமானாலும் தொங்கவிடலாம். அங்கே எதிரி துரு. மழையில் ஓட்டிவிட்டு ஈரத்தோடு மாட்டினால், உறைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து இறுகிவிடும். துடைத்து, உலர்த்திவிட்டு மாட்டுங்கள்.

புறப்படும் முன் ஒரு நிமிடம்

சைக்கிளை இறக்கியதும் நேராக நிறுத்துங்கள். முன், பின் பிடிகளைத் தனித்தனியே பத்து முறை நிதானமாக அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பிடி ஒரே இடத்தில் இறுக வேண்டும். பிறகு பிடியை அழுத்தியபடியே சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக்கூடாது. அடுத்து, சமதளத்தில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டி, பிரேக் பிடித்துப் பாருங்கள்.

பிடி மெத்தென்று போனால் சைக்கிளைச் சில மணி நேரம் நேராக நிற்கவிடுங்கள். எண்ணெயில் சிறு குமிழிகள் மெதுவாகத்தான் மேலேறும். இடையிடையே பிடியை மெல்ல அழுத்தி விடுங்கள். குமிழிகள் தொட்டிக்குத் திரும்பினால் பிடி மறுபடி இறுகும். இறுகிவிட்டது என்பதால் காற்று வெளியே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அது தொட்டிக்குள்தான் இருக்கிறது. அடுத்த முறை தொங்கவிடும்போது மீண்டும் வரும். சைக்கிள் கடையில் கொடுத்து, காற்றை நீக்கி எண்ணெய் நிரப்பச் சொல்லுங்கள். டாட் திரவம் தோலுக்கும் வண்ணப்பூச்சுக்கும் கேடு விளைவிக்கும் என்பதால், இந்த வேலையைத் தனியாக முயன்று பார்க்க வேண்டாம்.

சில மணி நேரத்துக்குப் பிறகும் பிடி இறுகவில்லையா? எண்ணெய்க் கசிவு தெரிகிறதா? அன்றைக்கு அந்தச் சைக்கிளில் போகாதீர்கள். உபின் படகை அடுத்த வாரமும் பிடிக்கலாம்.